குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவே ஒரு பேட்: புதிதாகக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு

சரளைக் கல் கொட்டிய பாதையில் உங்கள் குதிரையை இருபது அடி நடத்திப் பாருங்கள். மண் தரையில் கால் வீசி நடந்த அதே குதிரை, கல்லில் ஏறியதும் முள்ளில் கால் வைப்பதுபோல் தயங்கித் தயங்கி நடக்கிறதா? ஓரத்தில் இருக்கும் புல்லுக்கோ மண்ணுக்கோ உங்களை இழுக்கிறதா? அப்படியானால் அதன் உள்ளங்காலில் ஏதோ உறுத்துகிறது. இந்த நேரத்தில்தான் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர், "லாடத்துக்கு உள்ளே பேட் போட்டுடுங்க, சரியாப் போயிடும்" என்பார்.

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கி வந்த பெண் குதிரை, வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் தார்ச்சாலையில் நடக்க அடம்பிடித்தது. சொன்னதைக் கேட்டு உடனே பேட் போட்டோம். முதல் வாரம் அருமையாக நடந்தாள். மூன்றாவது வாரம் கொட்டகைக்குள் நுழைந்ததுமே நாற்றம் அடித்தது. லாடத்தைக் கழற்றியபோது பேட்டுக்கு அடியில் கறுப்பாகக் கூழ்போல ஒன்று ஒட்டியிருந்தது. பேட் போடுவதற்கு முன்பே அங்கே அழுகல் தொடங்கியிருந்தது. பார்க்காமல் மேலே மூடி போட்டுவிட்டோம்.

குளம்புக்கும் லாடத்துக்கும் நடுவில் வைக்கும் தோல் அல்லது பிளாஸ்டிக் தகடுதான் பேட். அது நல்ல பொருள்தான். எத்தனையோ குதிரைகளை வலியில்லாமல் நடக்க வைத்திருக்கிறது. ஆனால் அது குளம்பின் அடியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதனால் போடுவதற்கு முன்னால் நன்றாகப் பார்க்க வேண்டும். போட்ட பிறகு கண்ணால் பார்க்க முடியாததை மூக்காலும் விரலாலும் பார்க்கப் பழக வேண்டும்.

குளம்பைத் தூக்கிப் பாருங்கள்

முதல் வேலை, முன்னங்காலைத் தூக்கி, கொக்கியால் சாணியையும் மண்ணையும் எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பார்ப்பது. வெளி விளிம்பில் கெட்டியாக இருப்பது குளம்புச் சுவர். லாடம் உட்காருவதும் ஆணி இறங்குவதும் இதில்தான். சுவரை ஒட்டி உள்ளே மெல்லிய கோடு ஒன்று ஓடும். வெள்ளைக் கோடு என்று பெயர், ஆனால் பார்க்க மஞ்சளாகத்தான் இருக்கும். அதற்கு உள்ளே சற்றே குழிந்திருப்பது உள்ளங்கால். நடுவில், குதிகாலிலிருந்து முனையை நோக்கி ஆப்புபோல நீண்டு, ரப்பர் மாதிரி இருக்கும் முக்கோணத்தை ஃபிராக் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். அழுகல் தொடங்குவது பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில்தான்.

400 கிலோ குதிரை ஒன்று நிற்கும்போது, அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் இறங்கும் பாரம் இதைவிட அதிகம். பேட் பெரும்பாலும் முன்னங்கால்களுக்கே தேவைப்படுவது இதனால்தான்.

உள்ளங்காலுக்கு மேலே, குளம்புக்குள், ஓர் எலும்பு இருக்கிறது. அந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவில் உள்ளங்கால் 15 மில்லிமீட்டராவது தடிமனாக இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மெலிந்த கால். கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளங்கால் நெகிழ்ந்து கொடுத்தால் அது ஆபத்தான அளவுக்கு மெலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சரியான அளவு எக்ஸ்ரேயில்தான் தெரியும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று சவாரிப் பள்ளிகளுக்கு வரும் தரோபிரெட் குதிரைகளுக்கு உள்ளங்கால் மெலிந்திருப்பது சகஜம். அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் இதை முதல் நாளே பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறைய குதிரைகளுக்கு உள்ளங்கால் மெலிவதற்குக் காரணம் கத்திதான். லாடம் அடிக்க வருபவர், குளம்பு பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று உள்ளங்காலை வெள்ளை வெளேர் என்று செதுக்கிவிடுவார். நமக்கும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவர் செதுக்கி எறிந்தது குதிரையின் செருப்பை. தானாக உதிரும் தளர்ந்த செதிலை எடுத்தால் போதும், மற்றதைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே, மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சில குதிரைகளுக்கு இந்த ஒரு பேச்சிலேயே பேட் தேவையில்லாமல் போய்விடும்.

வலி எங்கே என்று கண்டுபிடியுங்கள்

குதிரை காலைத் தாங்கித் தாங்கி நடந்தால், எந்தக் கால் என்று புதியவர்களுக்குப் பிடிபடாது. கெட்டியான, சமமான தரையில் ஒருவரை நேராகக் கயிற்றைப் பிடித்துத் துள்ளுநடையில் ஓட்டச் சொல்லுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். தலையை மட்டும் பாருங்கள். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். இரண்டு முன்னங்காலிலும் வலி இருந்தால் தலை ஆடாது. நடை குறுகிப்போய், அடி எட்டி விழாது. குதிரைக்குச் சோம்பல் என்று பலர் நினைப்பது பல நேரம் இதைத்தான்.

அப்புறம் நாடி பாருங்கள். கணுக்காலின் பின்பக்கம், இரண்டு ஓரங்களிலும் விரலை மெதுவாக வைத்தால் குளம்புக்குப் போகும் ரத்தக்குழாயின் துடிப்பு தட்டுப்படும். நல்ல காலில் அது மிக மெல்லியதாக இருக்கும். சில நேரம் கிடைக்கவே கிடைக்காது. விரலைத் தள்ளுவதுபோல் 'திம் திம்' என்று அடித்தால் குளம்புக்குள் அழற்சி இருக்கிறது. குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே தினமும் ஒரு முறை தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அப்போதுதான் மாறும் நாளில் உங்களுக்குத் தெரியும். புறங்கையைக் குளம்பில் வைத்துச் சூட்டையும் இரண்டு காலுக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் கால்நடை மருத்துவரின் வேலை. பெரிய இடுக்கிபோல ஒரு கருவியால் குளம்பை அங்கங்கே அழுத்திப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் குதிரை காலை இழுக்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே குதிரைகளையும் பார்க்கிறார்கள். மற்ற ஊர்களில், குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று பக்கத்துச் சவாரிப் பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். மாடு பார்ப்பவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் குதிரைக் குளம்பு தனிப் பாடம்.

எதற்காக இவ்வளவு தேடல்? கல் குத்திய கன்றலுக்கு ஒரு பேட், குதிகால் பக்கத்து வலிக்கு வேறொரு பேட், லாமினைட்டிஸ் வந்த காலுக்கு இன்னொரு பேட். சீழ்க்கட்டு இருந்தாலோ பேட் போடவே கூடாது. காரணம் தெரியாமல் போடும் பேட் வலியைச் சில நாள் மறைக்கும். அதற்குள் உள்ளே நடப்பது முற்றிவிடும்.

லாமினைட்டிஸ் பற்றி ஒரு வார்த்தை. குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிடி தளரும் நோய் இது. தானியம் அளவுக்கு மேல் தின்றாலே வரலாம். திருவிழா, கல்யாண வீடு என்று ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகளுக்கு ஆளாளுக்குச் சோறும் அரிசியும் அள்ளிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலில் பாரத்தைப் போட்டுக் குதிரை நிற்குமானால் லாடக்காரரைக் கூப்பிடாதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே.

எந்த பேட்?

கடையில் இருப்பவற்றைப் பார்த்தால் தலை சுற்றும். உண்மையில் புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்தாறுதான்.

முழு பேட் என்பது லாடத்தின் வெளி விளிம்பு வரை குளம்பின் அடி முழுவதையும் மூடும் தகடு. மெலிந்த உள்ளங்காலுக்கும் கல் குத்திய காலுக்கும் இதுதான். 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை தடிமனில் வரும். தோலிலும் கிடைக்கும், பிளாஸ்டிக்கிலும் பாலியூரித்தேனிலும் கிடைக்கும். தோல் பேட் காலின் வடிவத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். வறண்ட காலத்தில் எனக்குப் பிடித்தது தோல்தான். நனைந்தால் ஊறிப்போய் நசுங்கிவிடும் என்பது அதன் குறை. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிடும் வழக்கம் மிகப் பழையது. பேட்டுக்கு, செருப்பின் அடிக்குப் போடும் கெட்டித் தோலாகக் கேட்டு வாங்குங்கள், மேல்தோல் வேண்டாம். மழைக்காலத்துக்குப் பிளாஸ்டிக்கோ பாலியூரித்தேனோ மேல்.

விளிம்பு பேட் குளம்பில் லாடம் உட்காரும் பகுதியை மட்டும் மூடும். உள்ளங்கால் திறந்தே இருக்கும். தார்ச்சாலையின் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கல்லிலிருந்து காப்பாற்றாது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நாள் முழுக்கத் தார்ச்சாலையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் குதிரைகள் இருக்கின்றனவே, அந்த மாதிரி வேலைக்கு, உள்ளங்கால் நல்ல தடிமனாக இருந்தால், நான் முதலில் இதைத்தான் யோசிப்பேன். காற்றுப் படுவதால் அழுகல் பயமும் குறைவு.

ஆப்பு பேட் குதிகால் பக்கம் தடிமனாகவும் முனைப் பக்கம் மெலிந்தும் இருக்கும். 2 பாகை, 3 பாகை என்று சாய்வைச் சொல்லி விற்பார்கள். குதிகாலைத் தூக்கினால் குளம்புக்குப் பின்னால் வந்து இறங்கும் ஆழமான தசைநாரின் இழுப்பு குறையும். குளம்புக்குள் குதிகால் பக்கம் இருக்கும் சின்ன எலும்பான நாவிகுலர் பக்கம் வலி உள்ள குதிரைகளுக்கு இதனால் ஆறுதல் கிடைக்கலாம். ஆனால் பாரம் குதிகாலில் கூடுகிறது. ஏற்கெனவே தாழ்ந்த குதிகால் இன்னும் நசுங்கும். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் சொல்லாமல் இதைப் போடாதீர்கள்.

ஃபிராக்கைத் தாங்குவதற்கென்று நடுவில் மேடு வைத்த பேட்டுகளும், இரண்டு திரவங்களைத் துப்பாக்கிபோன்ற கருவியால் கலந்து குளம்புக்குள் ஊற்றி, நிமிடங்களில் ரப்பராக இறுகவைக்கும் ஊற்று பேட்டும் உண்டு. ஊற்று பேட் குளம்பின் குழிவை அப்படியே நிரப்புவதால் மண் புக இடமில்லை. ஆனால் குளம்பு துளி ஈரமில்லாமல் இருந்தால்தான் ஒட்டும். விலையும் கூடுதல்.

நடுவில் குமிழ்போல் புடைத்த பேட்டைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அது பனிப்பிரதேசத்துக்கானது, குளம்புக்குள் பனி உருண்டையாகச் சேராமல் வெளியே தள்ளுவதற்கு.

பழைய டயரை வெட்டிப் போடுவதும் நடக்கிறது. வேண்டாம். ரப்பர் அளவுக்கு மேல் மெத்தென்று இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் லாடம் அசையும், ஆணி தளரும், சுவர் உடையும். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வெளியே வந்தால் எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லாடம் அடிக்கும் நாள்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் வந்து இறங்குவதையும் அவை ஓர் ஆண்டுக்குள் பெரும்பாலும் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாததோடு, லாடம் கட்டி வைத்தியம் பார்க்க ஆள் இல்லாததும் காரணம் என்கிறார். வியாபாரம் குறைந்துவிடக் கூடாது என்று குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை என்றும் சொல்கிறார். ஏழு நூற்றாண்டு கழிந்தும், நம் ஊரில் நல்ல குதிரை லாடக்காரர் கிடைப்பது சுலபமில்லை. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நேரத்துக்குக் கூலி கொடுங்கள், நிழலில் சமமான தரையை ஒதுக்கிக் கொடுங்கள், குதிரையைக் குளிப்பாட்டி ஈரக்காலோடு நிறுத்தாதீர்கள்.

மாட்டுக்கு லாடம் கட்டுபவரையே குதிரைக்கும் கூப்பிடலாமா என்று கேட்பார்கள். மாட்டுக் குளம்பு பிளவுபட்டது, தனித்தனித் தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து அடிப்பார்கள். குதிரை நின்றபடி, ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்துச் செய்ய வேண்டிய வேலை. குதிரைக்கு அடித்துப் பழகியவர்தான் வேண்டும், அதிலும் பேட் போட்டுப் பழகியவர்.

வேலை நடக்கும் வரிசையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எங்கே கவனிக்க வேண்டும் என்பது புரியும். முதலில் பழைய லாடத்தின் மடக்கிய ஆணி முனைகளை நிமிர்த்தி, லாடத்தைக் கழற்றுவார். இந்தக் கட்டத்தில் நீங்கள் குனிந்து பாருங்கள், முகர்ந்து பாருங்கள். ஃபிராக்கின் பள்ளத்தில் கறுப்புக் கசிவோ அழுகிய நாற்றமோ இருந்தால், இன்றைக்கு பேட் கிடையாது. பள்ளத்தைச் சுத்தம் செய்து, பொவிடோன் அயோடின் போட்டு, கொட்டகைத் தரையை உலர்வாக வைத்து, ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். இதில்தான் நாங்கள் தவறினோம்.

பிறகு வளர்ந்த சுவரை வெட்டி, அரத்தால் ராவிச் சமப்படுத்துவார். இரண்டு முன்னங்குளம்பும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். லாடத்தைக் குளம்பின் வடிவத்துக்கு வளைத்த பின், அதை பேட்டின் மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுவார். சிலர் பேட்டை லாடத்தோடு குதிகால் பக்கம் தறைந்துகொள்வார்கள். அப்போது பேட் நகராது.

அடுத்தது நிரப்புதல். புதியவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை, நான் மிக முக்கியம் என்று நினைப்பது இதைத்தான். பேட்டுக்கும் உள்ளங்காலுக்கும் இடையில் வெற்றிடம் விட்டால் குதிகால் வழியாக மண்ணும் மணலும் புகுந்து சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் பேட்டுக்கு உள்ளேயே ஒரு கல் முளைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பழைய முறை, பைன் மரத் தாரில் தோய்த்த சணல் நார். அழுகலை அண்டவிடாது, எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். இப்போது மென்மையான சிலிக்கான் நிரப்பிகளும் வருகின்றன. சிலவற்றில் மயில்துத்தம் கலந்திருக்கும். எதைப் போட்டாலும் அளவு முக்கியம். பள்ளங்கள் நிரம்பி, உள்ளங்கால் மட்டத்துக்கு வந்தால் போதும். குவித்து வைத்து மேலே லாடத்தை இறுக்கினால், எந்த உள்ளங்காலைக் காப்பாற்ற நினைத்தோமோ அதையே நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருப்போம்.

பிறகு ஆணி. பேட்டின் தடிமன் சேர்வதால் வழக்கத்தைவிட ஓர் அளவு நீளமான ஆணி வேண்டும். இதை லாடக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், வந்த இடத்தில் இல்லை என்று இருப்பதை அடிக்கும் நிலை வரக் கூடாது. ஆணி வெள்ளைக் கோட்டிலோ அதற்குச் சற்று வெளியிலோ இறங்கி, சுவரின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் வெளியே வர வேண்டும். குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி கூடாது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் விரிந்து சுருங்க வேண்டும், அங்கே ஆணி அடித்தால் அதைக் கட்டிப்போட்டதுபோல் ஆகும். கைதேர்ந்தவர்கள் சுத்தியல் ஓசையைக் கேட்டுக்கொண்டே அடிப்பார்கள். கெட்டியான சுவரில் போகும் ஆணி கணீரென்று கேட்கும், உள்ளே மெத்தென்ற இடத்துக்குப் போனால் ஓசை மழுங்கும். எந்த ஆணிக்காவது குதிரை வெடுக்கென்று காலை இழுத்தால் அந்த ஆணியைப் பிடுங்கி, துளையில் அயோடின் ஊற்றச் சொல்லுங்கள். 'சும்மா பயப்படுது' என்று மேலே அடிக்க விடாதீர்கள்.

ஒரு முன்னங்காலில்தான் கன்றல் இருந்தாலும், பேட்டை இரண்டிலும் போடுவதே வழக்கம். ஒரு கால் மட்டும் 5 மில்லிமீட்டர் உயர்ந்தால் தோள் வரை அதன் விளைவு போகும்.

முடிந்ததும் மிஞ்சிய பேட் ஓரத்தைச் சீவி, குதிரையைக் கெட்டித் தரையில் பத்து நிமிடம் நடத்திப் பார்த்த பிறகே லாடக்காரரை அனுப்புங்கள்.

அடுத்த ஐந்து வாரம்

முதல் இரண்டு மூன்று நாள் லேசான நடை மட்டும். உயரமும் உணர்வும் மாறியிருக்கிறது, குதிரைக்குப் பழக நேரம் வேண்டும். காலின் கீழே தரை முன்புபோல் தெரியாததால் சில குதிரைகள் இடறும். வழவழப்பான பேட் ஈரப் பாறையிலும் நனைந்த தாரிலும் வழுக்கும். இறக்கத்தில் மெதுவாகப் போங்கள்.

தினமும் காலையும் மாலையும் கால் தூக்க வேண்டும். பேட் இருக்கிறதே, சுத்தம் செய்ய என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. குதிகால் பக்கம் பேட்டுக்கும் ஃபிராக்குக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா? நிரப்பி வெளியே வழிகிறதா? லாடம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா? சுவரின் மேல் விரலை ஓட்டுங்கள். மடக்கிய ஆணி முனைகள் மழமழவென்று இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விரலில் தட்டினால் ஆணி எழும்பத் தொடங்கிவிட்டது. பேட் போட்ட லாடம் சாதாரண லாடத்தைவிடச் சீக்கிரம் தளரும், பேட் ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி நிமிர்வதால்.

அப்புறம் மூக்கு. குதிகால் அருகே குனிந்து முகர்ந்து பாருங்கள். சாணி வாசனை வேறு, அழுகல் நாற்றம் வேறு. ஒரு முறை தெரிந்துவிட்டால் மறக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தினமும் இதைச் செய்யுங்கள். கொட்டகையில் மூத்திரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டிய பின் காய்ந்த தரையில் நிற்க விடுங்கள். மழை விடாது என்று தெரிந்தால் முழு பேட்டைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் கருத்து. சவாரிக்கு மட்டும் மாட்டிக் கழற்றும் குளம்பு பூட் கிடைத்தால், லாடம் இல்லாத குதிரைக்கு அந்த மாதங்களில் அது கைகொடுக்கும்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. ஐந்து வாரத்தில் லாடமே கொஞ்சம் முன்னால் போய்விடும், குதிகால் தாங்கலை இழக்கும். பேட் போட்ட குதிரைக்கு நான்கைந்து வாரத்தில் கழற்றிப் பார்ப்பதை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று எட்டு வாரம் தள்ளாதீர்கள்.

உடனே கழற்ற வேண்டிய நேரம்

நேற்று வரை நடந்த குதிரை இன்று காலையில் காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. தொட்டால் சூடு, நாடி துடிக்கிறது. பெரும்பாலும் இது குளம்புக்குள் சீழ்க்கட்டு. லாடமும் பேட்டும் அன்றைக்கே கழற்றப்பட வேண்டும். மருத்துவர் சீழ் வெளியேற வழி செய்வார். வெளியேறியதும் குதிரை மணிக்கணக்கில் தெளிவதைப் பார்த்தால் அத்தனை வலி எங்கே போனது என்று தோன்றும். வலிமாத்திரை கொடுத்து வேலைக்கு ஓட்டிப் போவதைப்போல் கொடுமை வேறில்லை.

ஆணியோ கண்ணாடியோ பேட்டைத் துளைத்து உள்ளே போயிருந்தாலும் மருத்துவர்தான். முடிந்தால் அவர் வரும்வரை பிடுங்காமல் வையுங்கள், எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் தெரியும். குதிரை நடந்தால் இன்னும் உள்ளே போய்விடும் என்ற நிலையில் மட்டும் எடுத்துவிட்டு, துளையின் இடத்தைக் குறித்துவையுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதாகத் தாக்கும். தடுப்பூசி எப்போது போட்டது என்று தெரியாத குதிரையை வாங்கியிருந்தால், பேட் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.

கழற்றிய பிறகு

கன்றல் ஆறியதும், உள்ளங்கால் தடித்ததும் பேட் தேவைப்படாது. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் குதிரைகளும் இருக்கின்றன, பிறவியிலேயே மெலிந்த கால் உள்ளவை. மற்றவற்றுக்குக் கழற்றும் நாளை யோசித்து வையுங்கள். பல வாரம் மூடிக்கிடந்த உள்ளங்கால் வெளுத்து, நெகிழ்ந்து இருக்கும். அன்றைக்கே சரளையில் ஏற்றினால் பழைய கதை திரும்பும். வறண்ட மாதமாகப் பார்த்துக் கழற்றி, முதல் பத்து நாள் மணலிலும் புல் தரையிலும் மட்டும் நடத்தி, பிறகு கெட்டி மண், கடைசியாகத் தார் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். லாடம் மட்டும் வழக்கம்போல் இருக்கட்டும்.

எங்கள் குதிரைக்கு அழுகல் ஆற ஐந்து வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக, தார் நாரை நிரப்பி, தோல் பேட் போட்டோம். முனையில் உள்ள குளம்பு முழுவதும் புதிதாக வளர்ந்து இறங்க ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம், உள்ளங்காலில் கத்தி படாமல், நான்கு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, மறுபடி போட்டு வந்தோம். போன சித்திரையில் பேட்டை எடுத்தோம். இப்போது வாய்க்கால் கரையில் இருக்கும் அந்தச் சரளைப் பாதையில் ஓரத்துக்கு இழுக்காமல் நடுவிலேயே நடக்கிறாள். நாடி மட்டும் தினமும் பார்க்கிறோம்.